மச்சான் பிடித்த கயிறு

என் பாட்டைத் தூத்துக்குடியில் சபை கூட்டி வாசிக்கப் போகிறோம், வரவும் என்று வந்த கடிதத்தை நான் கொழும்பில் பாண் ரொட்டி வாங்க வரிசையில் நின்றுகொண்டுதான் படித்தேன். படித்ததும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு நான் சமைக்கிற வீட்டில் யாருக்கும் பாண் இல்லை. நாற்பத்தாறு வருஷமாக மிதிக்காத ஊருக்கு ஒரு பாட்டை நம்பிப் புறப்பட்டேன்.

கப்பலில் என் பக்கத்தில் வேளாங்கண்ணிக்குப் போகிற இரண்டு சிங்களப் பெண்கள் இருந்தார்கள். நான் விரலை மடக்கிச் சீர் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "பாவம், இந்தக் கிழவி எவ்வளவு பெரிய பாவம் செய்தாளோ, ஏறினதிலிருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருகிறாள்." எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் எப்போது திறந்தேன்?

இறங்கின இடத்தில் சுங்கக்காரர் என் பையைக் கவிழ்த்தார். ஒரு சேலை, மூன்று நோட்டு. நோட்டைப் புரட்டி, "இது என்ன ஆச்சி, மந்திரமா?" என்றார். பாட்டு என்றேன். "சினிமாவுக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நோட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பெயர் சவேரியாள். கொட்டாஞ்சேனையில் ஒரு வியாபாரி வீட்டில் சமையல் செய்தே கிழவியானேன். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அச்சுக்கூடம். அங்கே எழுத்துக் கோர்க்கிற குருசுமுத்து அண்ணன்தான் என் முதல் வாத்தியார். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு நான் கீழே இறங்கி அவர் பக்கத்தில் நிற்பேன். என் வரியை ஈய எழுத்தில் கோர்த்து, சீருக்குச் சீர் நடுவில் வெற்றுக் கட்டை ஒன்றைச் செருகுவார். ஓசை உடைகிற இடத்தில் மட்டும் கட்டையைச் செருகாமல் பள்ளமாக விட்டுவிடுவார். தப்பு என்ன என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பள்ளத்துக்குப் பதினோரு நாள் தேங்காய் திருவிக்கொண்டே யோசித்திருக்கிறேன். வெண்பாவின் கடைசி அடி மட்டும் ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். "மூச்ச அடக்கிட்டு முங்குனவன் எப்பிடி வெளிய வாரான்? அப்பிடி" என்றார். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் இறந்த பிறகு ஒரு மாதப் பத்திரிகையில், தூத்துக்குடிப் புலவர் ஒருவர் தபாலில் வெண்பா சொல்லித் தருகிறார் என்று பார்த்தேன். ஐந்து வருஷம் அவருக்கு எழுதி அனுப்பினேன். சிவப்பு மையால் திருத்தி வரும். ஓரத்தில் "தளை தட்டுகிறது" என்று இருக்கும். கீழே "ஆசான்" என்று கையெழுத்து. ஒரே ஒரு தடவை "நன்று" என்று எழுதியிருந்தார். ஆசான் திருத்தினால் ஏன் என்று கேட்கக் கூடாது, அதுதான் மாணாக்கர் முறை என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். நானும் கேட்டதில்லை.

என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். எங்கள் கரையின் வழக்கம் தெரியாதவர்களுக்கு அது விளங்காது. முத்துக் குளிக்கிறவன் கல்லில் காலை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். அவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருக்கிறவன் கயிற்றை அசைத்ததும் மேலே நிற்கிறவன் இழுக்க வேண்டும். பிந்தினால் போச்சு. அதனால் அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். தங்கச்சி வெள்ளைச் சேலை கட்டுவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான். தன்னோடு கூடப் பிறந்தவன் கையில் கொடுக்கவே மாட்டார்கள். வள்ளத்தில் அவனுக்கும் பங்கு இருக்கிறது. அண்ணன் மேலே வராவிட்டால் முழு வள்ளமும் அவனுக்கு.

என் புருஷன் மிக்கேல் இறங்கினபோது கயிற்றைப் பிடித்தது என் அண்ணன் சந்தியாகு. கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. இழுத்து மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அண்ணன் பீடி பற்றவைக்கத் திரும்பினான், பிந்தி இழுத்தான் என்று ஊர் பேசியது. அதன் பிறகு அவன் கையில் யாரும் கயிற்றைக் கொடுக்கவில்லை. உப்பு மூட்டை சுமந்தான். ஆனால் துக்க வீட்டில் அவன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எண்ணெய் போட்டவள் நான். இரண்டு உள்ளங்கையிலும் தோலே இல்லை. பிந்தி இழுத்தவன் கை அப்படி இருக்காது. இருபது வயது விதவையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது சொல்லாததை இப்போது பத்து வெண்பாவில் சொல்லி ஆசானுக்கு அனுப்பியிருந்தேன்; சபை கூட்டுவதாகக் கடிதம் போட்டவர் அவர்தான். அதை என் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே, அவனைப் பேசின ஊரிலேயே வாசிக்க வேண்டும். நான் போனது அதற்குத்தான்.

வியாழக்கிழமை ரயிலில் தூத்துக்குடி வந்து இறங்கியபோது வெயில் உப்புமேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. ரிக்‌ஷாக்காரர் ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட் தாண்டினதும் சங்கிலி கழன்றது. பின்னால் உப்பு லாரி ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது. ரிக்‌ஷாக்காரர் சங்கிலியை மாட்டிக்கொண்டே லாரிக்காரனைப் பார்த்து, "ஏலே, மேல ஏத்திட்டுப் போயேன், புதுத் துறைமுகம் எங்கன ஓடியா போவுது?" என்று கத்தினார். என்னிடம் திரும்பி, "ஆச்சி, துறைமுகம் வந்ததுல இருந்து இவனுவளுக்குக் கண்ணு தெரியல" என்றார். எனக்கு வழி ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. மணல் இருந்த இடத்தில் எல்லாம் சுவர் இருந்தது.

பசி தாங்காமல் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினேன். இலையில் சோற்றைக் கொட்டினார்கள். எங்கள் கொழும்பில் அந்த வருஷம் வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டலில் சோறு போடக் கூடாது. மற்ற நாளிலும் அளந்துதான். இங்கே பக்கத்து இலைக்காரர் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்து போனார். கடை அண்ணாச்சி, "ஆச்சி, இன்னும் கொஞ்சம் போடட்டா? சாள மீன் கொழம்பு இருக்கு" என்றார். அந்த ஒதுக்கின சோற்றைப் பார்த்த கோபத்தில் நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

அண்ணன் வீட்டில் அவன் மகள் ரோசம்மாள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததில்லை, போட்டோவில்தான் தெரியும். "அத்தை!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுபது வயது. ஆள் பாதியாகியிருந்தான்.

"ஏளா சவேரி," என்றான். "கிழவியாயிட்டியே."

"நீ மட்டும் என்ன மாப்பிள்ளையாவா இருக்க?"

சிரித்தான். அவன் பல் இல்லாத சிரிப்பை முதல் தடவை பார்த்தேன். பாட்டு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன், வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "பூசையா?" என்றான். அது மாதிரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை புலவர் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷமாக நான் மனதில் வைத்திருந்த ஆசானுக்கு நரைத்த தாடி இருந்தது. கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பள்ளிக்கூட வாத்தியார். பெயர் வைகுந்தநாதன். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விளைகிற ஊர். எனக்குப் பிள்ளை பிறந்திருந்தால் இவரைவிட மூத்தவனாக இருப்பான். கும்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். அங்கே மாணாக்கர் நாலு பேர் ஏற்கெனவே பாயில் இருந்தார்கள். அவர் நாற்காலியில்.

"வாருங்கள் அம்மையார்! கடல் கடந்து வந்த மாணாக்கி இவர்தான்" என்று மற்றவர்களிடம் காட்டினார். தட்டில் மக்ரூன் கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் போட்டதும் கரைந்தது. அதோடு ஒரு சின்னப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்தார். என் பத்து வெண்பாவும் அச்சில். முகப்பில் அவர் பெயர் பெரிதாக இருந்தது. கீழே "மாணாக்கி சவேரியாள்" என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே திறந்தேன்.

நான் எழுதி அனுப்பியது இது:

கல்லேறி நீருள் கணவன் இறங்கிடவே
சொல்லேதும் கேளாமல் தூக்கினான் - எல்லோரும்
அச்சமின்றிப் பேசினர் மெய்யறியார் தோலுரிய
மச்சான் பிடித்த கயிறு.

புத்தகத்தில் கடைசி இரண்டு அடி இப்படி இருந்தது:

அம்புவியோர் பேசினர் மெய்யறியார் தோலுரிய
தம்பி பிடித்த கயிறு.

பத்துப் பாட்டும் "மச்சான் பிடித்த கயிறு" என்று முடிகிறவை. பத்திலும் தம்பி. பத்திலும் மூன்றாம் அடியை அதற்கு எதுகை வருகிற மாதிரி உடைத்துத் திருப்பிக் கட்டியிருந்தார். அம்புவியோராம்! என் அண்ணனைப் பேசியது உலகத்து மக்களா? எங்கள் தெருக்காரர்கள்.

"மச்சான் என்பது கொட்டகையில் விசில் அடிக்கிற சொல் அம்மையார்," என்றார் புலவர், நான் கேட்காமலேயே. "மைத்துனன் என்று போட்டால் தளை தட்டும். தம்பி என்றால் எவ்வளவு பாசம் வருகிறது பாருங்கள்! கடற்கரைத் தெரு முழுக்க ஆளுக்கொரு பிரதி கொடுத்தாயிற்று. ஞாயிறன்று கூட்டம் தாங்காது."

என் புருஷனுக்குத் தம்பி உண்டு. பெயர் லாசர். அதே வள்ளத்தில் இருந்தவன். இன்னும் அதே தெருவில் இருக்கிறான். தம்பி பிடித்த கயிறு என்று எங்கள் கரையில் ஒருத்தன் படித்தால், வள்ளத்துக்கு ஆசைப்பட்டு லாசர் அண்ணனைக் கொன்றான் என்றுதான் படிப்பான்.

நான் என்ன செய்தேன்? இன்னொரு மக்ரூன் எடுத்துத் தின்றேன். காபி குடித்தேன். நன்றி ஐயா என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தேன். மீன் கூடைக்காரி ஒருத்தி ஒதுங்கி நின்று, "கிழவிக்கு வெயில் ஏறிட்டு" என்றாள்.

வீட்டிலும் சொல்லவில்லை. புலவரிடம் என்ன கேட்பது என்று அன்று முழுக்க வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அமையவில்லை.

சனிக்கிழமை காலை ரோசம்மாள் இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். வாசலில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. லாசர். என்னைவிட இரண்டு வயது இளையவன். வயதுக்கு மீறித் தளர்ந்திருந்தான். கையில் அந்தப் புத்தகம் கசங்கியிருந்தது. பின்னால் தெருவே வந்திருந்தது.

"வெளிய வாரும் அத்தான்!" என்று அண்ணனைக் கூப்பிட்டான். "எம் பேத்தி வாசிச்சா. நான் கயித்தப் பிடிச்சனாம். நானா பிடிச்சேன்? சொல்லும்!"

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாசரின் பேத்தி அந்தப் பாட்டை அங்கேயே வாசித்துக் காட்டினாள். முகப்பில் இருந்த என் பெயரையும் வாசித்தாள். அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"ஏளா, நீயா எழுதுன?"

"நான் எழுதினது வேற..."

"என்னயக் காப்பாத்தணும்னு இவன் தலையில போட்டியா? இத்தன வருசம் நான் சொமந்தது பத்தாதா? இவனும் சொமக்கணுமா?"

ஊர் பேசியது எதுவும் இப்படி என்னைச் சுட்டதில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லாசர் தடியைத் தரையில் அடித்தான்.

"கயித்தப் பிடிச்சது இவரு! நான் வள்ளத்து முன்னால, அணியத்துல இருந்தேன். கயிறு அசையல. நான் இழும்னு சொல்லுமுந்தியே இவரு இழுத்தாரு. கயிறு பாறையில மாட்டிக்கிட்டு. இழுத்த இழுப்புல உள்ளங்கைத் தோலு கயித்தோட போச்சு, நான் கண்ணால பாத்தேன். பீடியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நான் கயித்தத் தொட்டதே இல்ல! அந்தப் பழிய எம்மேல போடாதிங்க!"

ரோசம்மாள் கையில் இடியாப்ப உரலோடு வாசலில் நின்றாள். அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"இதச் சொல்ல உனக்கு நாப்பத்தாறு வருசமா? அப்ப உன் வாயில என்ன, சாளையா வச்சிருந்த?"

"சொன்னா என்ன பேசியிருப்பாக மயினி? தம்பிக்காரன் என்னத்தையோ மறைக்கான், வள்ளம் கைக்கு வந்துட்டுல்லன்னு எம்மேல திரும்பியிருக்கும். எனக்கு அப்ப பதினெட்டு வயசு."

"பதினெட்டு வயசு போனப்பறம்?"

அவன் தடியை என் பக்கம் நீட்டி, "நீங்க சொன்னீகளா மயினி? அந்தக் கைக்கு எண்ண போட்டது நீங்கதான்" என்றான்.

அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது. மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். ரோசம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

புலவர் வீட்டில் அன்றும் மாணாக்கர் இருந்தார்கள். நான் பாயில் உட்காரவில்லை.

"ஐயா, அந்தத் தம்பியை எடுங்க."

அவர் சிரித்தார். "அம்மையார், ஆசான் திருத்தத்தை..."

"உங்க ஊருல வயலுக்குத் தண்ணி முறை வச்சுத்தானே பாய்ச்சுவீங்க?"

"ஆமாம். அதற்கும் இதற்கும்..."

"உங்க அப்பா முறை வாற அன்னைக்கு, மடையைப் பாத்துக்கன்னு பங்காளியை நிறுத்திட்டு வீட்டுக்கு வருவாரா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அவர் ஊரில் பங்காளி மடையை எந்தப் பக்கம் வெட்டிவிடுவான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன், லாசர் யார் என்பதைச் சொன்னேன், அன்று காலை வாசலில் நடந்ததைச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் நான் அவரிடம் பேசின மொத்தப் பேச்சும் அதுதான். மாணாக்கரில் ஒருவர், "ஐயா, எங்க அப்பாகூட மடையில மாமாவத்தான் நிறுத்துவாரு" என்று மெதுவாகச் சொன்னார். புலவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாயோடு பாயாகிவிட்டார்.

"என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்றார் புலவர்.

"நீங்க முதல்லயே கேட்டிருக்கலாமே."

அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "சரி, பிழைதிருத்தத் தாள் ஒன்று அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிவிடலாம்" என்றார். மூன்று பேரும் அச்சுக்கூடத்துக்குப் போனோம். பத்துப் பாட்டின் கடைசி இரண்டு அடிகளையும் நான் என் நோட்டைப் பார்த்துச் சொல்ல, புலவர் தாளில் எழுதினார். மேலே தலைப்பு எழுதினார்: "அச்சுப்பிழை திருத்தம்."

அச்சுக் கோர்க்கிறவர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"இது எங்க பிழை இல்ல புலவரே."

"ஒரு வழக்கம்தானே அண்ணாச்சி, அப்படித்தான் போடுவது."

"வழக்கமா?" அவர் உள்ளே போய் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த கையெழுத்துத் தாள்களைக் கொண்டுவந்தார். என் எழுத்து. அதன்மேல் பத்து இடத்தில் மச்சானை அடித்து, சிவப்பு மையில் தம்பி. "இது யாரு மை? நான் எழுத்துக்கு எழுத்து பாத்துக் கோத்தேன். எவனோ செஞ்சதுக்கு எங் கையக் காட்டுதீரே!"

அந்த மனிதர் சொன்னது புலவருக்குச் சுட்டதோ இல்லையோ, எனக்குச் சுட்டது. அண்ணன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறவன் நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. "அண்ணாச்சி, அச்சடிக்க வேண்டாம்," என்று சொல்லிப் புலவர் பக்கம் திரும்பினேன். "அந்தத் தலைப்பைப் போட்டா நான் ஞாயித்துக்கிழமை வர மாட்டேன். பாட்டும் வராது."

புலவர் 'அச்சுப்பிழை'யை அடித்தார். "திருத்தம்" என்ற ஒரு சொல் மிஞ்சியது.

"யாரு பிழைன்னு இல்லையே?" என்றேன்.

"தாளில் வேண்டாம் அம்மையார். மாணாக்கர் கையில் நிரந்தரமாக இருக்கும். சபையில் நானே சொல்லிவிடுகிறேன்."

சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ரோசம்மாள் மைதாப் பசை காய்ச்சினாள். சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் அவளும் நானும் மாணாக்கரில் இரண்டு பேரும் அச்சுக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, விநியோகிக்காத பிரதிகளில் எல்லாம் தாளை ஒட்டினோம். கடற்கரைத் தெருவில் கொடுத்த பிரதிகளில் ஒட்ட அந்த மாணாக்கர்கள் வீடு வீடாகப் போனார்கள். சில வீட்டில் புத்தகம் ஏற்கெனவே கருவாடு பொதியப் போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக் கூடம் நிறைந்துவிட்டது. பாட்டு கேட்க வந்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை வாசல் சண்டையைக் கேள்விப்பட்டு வந்த கூட்டம்தான் அது. அண்ணனுக்கு ரோசம்மாள் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். முன் வரிசையில் எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தான். நுழையும்போது இரண்டு கிழவர்கள் எழுந்து அவனுக்கு வழி விட்டார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். துக்க வீட்டில் நின்றுகொண்டே பீடிக் கதையைச் சொன்னவர்கள். அவன் அவர்களுக்குத் தலையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை.

புலவர் மைக் முன்னால் வந்தார். வெண்பாவின் பெருமையைப் பேசினார். தாமிரபரணியைப் பேசினார், முத்தைப் பேசினார், புதுத் துறைமுகத்தைக்கூட விடவில்லை. கடல் கடந்து வந்த தமிழைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான், விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விடலாமா என்று செருப்பைக் காலால் தேடினேன்.

அப்போது அவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையைப் பார்த்து, "இந்தப் பாட்டில் கயிறு பிடித்தவர் யார் என்பதில் ஒரு பிழை நேர்ந்தது. பிழை என்னுடையது" என்றார். சொன்ன வேகத்தில் பாதி காற்றில் போய்விட்டது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "கேக்கல! சத்தமாச் சொல்லும் புலவரே!"

லாசர். தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தான். கூடம் சிரித்தது.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இரிலே லாசரு," என்றான். "கேட்டுச்சி. எனக்குக் கேட்டுச்சி."

புலவர் மூச்சு விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்து வாசியுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். அண்ணனும் என் முழங்கையைத் தொட்டு, "போளா, போய் வாசி" என்றான். அவன் பெரிய மனதுக்காரன். அவன் அப்படி இருந்ததால்தான் எல்லோரும் பழியை அவன்மேல் ஏற்றினார்கள்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"எனக்குக் கேக்கல, ஐயா."

சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மெல்ல மைக்கைக் கிட்டே இழுத்து, நேராக நின்று, இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை மச்சான் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார், சந்தியாகு என்ற பெயரையும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன்.